நூற்று எண்பத்தொன்றாவது நாள்

தம்பி,

அந்த எக்செல் தாளை அனுப்பச் சொல்லி நீ கேட்டு இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. "அம்மா, அப்பாவுக்கு நீங்க போட்ட ஷீட் இருக்குல்ல, அதை அப்படியே அனுப்புங்க, டேட் மட்டும் மாத்திக்கிறேன்" என்றாய். தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. கணினியைத் திறந்தால் முதல் திரையிலேயே இருக்கிறது. நான்கு வருடமாக அதை நான் வேறு இடத்துக்கு நகர்த்தவில்லை. அனுப்பாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அந்தத் தாளைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் கொடுத்தால் உனக்கு மறுபடியும் ஒரு தவறு செய்தவள் ஆவேன். பேசிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. படித்த பிறகு உன் நண்பர்களிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு. உன்னைப் போலவே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கே ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்கிறார்கள்.

உன் திட்டத்தை நான் புரிந்துகொண்டது இதுதான். அடுத்த மாதம் மதுரையில் கல்யாணம். பெண்ணின் அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், அவளைத் தவிர அவருக்கு வேறு பிள்ளை இல்லை, ஆகவே அவளால் இப்போதைக்கு இங்கே வர முடியாது. உன் துபாய் கம்பெனி எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய் என்கிறது. அப்படியானால் வருடத்தில் நூற்று எண்பத்தொரு நாள் மதுரையில் அவர்கள் வீட்டு மாடியில் இருந்து வேலை, மீதி நாள் இங்கே. நூற்று எண்பத்திரண்டைத் தொடாதவரை இந்தியாவில் வரி கிடையாது, இங்கே சம்பளத்துக்கு வரியே கிடையாது. "ரெண்டு பக்கமும் சீரோம்மா" என்று சிரித்தாய். உன் மேனேஜரிடம் கேட்டதற்கு அவர் "நோ இஷ்யூ ப்ரோ" என்றாராம். அது பதில் இல்லை. எழுத்தில் தராத எதுவும் பதில் இல்லை.

நூற்று எண்பத்தொன்று என்ற அந்த எண்ணை நீ எங்கே பிடித்தாய் என்று நான் கேட்க வேண்டியதில்லை. இந்த ஊர்க் காற்றில் இருக்கிறது அது. அல் கூஸில் லேத் பட்டறையில் நிற்கிறவருக்கும் தெரியும், வங்கியில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். பர் துபாய்க் கோவில் வரிசையில் முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரிடம் சொல்வார். யாரிடமிருந்து முதலில் கேட்டோம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் கேட்டேன். மற்ற விஷயங்களில் நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வருகிற எதையும் நம்ப மாட்டேன். சீட்டு, நில விளம்பரம், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் யாரையும் வீட்டுக்குள் விட்டதில்லை. புள்ளியியல் படித்துவிட்டு இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், எடுத்துக்கொண்ட தரவு சரியா என்று முதலில் கேள் என்பதுதான் என் முதல் பாடம். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், நானே போட்ட தாளை மட்டும் சந்தேகப்படவில்லை.

உன் சித்தப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த அந்த ஜனவரி உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது கோயம்புத்தூரில் கடைசிக்கு முந்தின வருடம் படித்துக்கொண்டிருந்தாய். அவருக்குக் கல்யாணமாகவில்லை, கோவில்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையும் மாடியில் ஒரு அறையும்தான் அவர் குடும்பம். அப்பா எஸ்டிமேஷன் வேலையில் இருந்த கான்ட்ராக்ட் கம்பெனியில் போய்க் கேட்டார். கட்டட வரைபடம் வந்தால் அளவு எடுத்து விலை போட்டு அனுப்பும் வேலை, எங்கே உட்கார்ந்து செய்தால் என்ன என்று அவர்கள் பெரிய மனது பண்ணினார்கள். அப்பா அந்த மாடி அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டு வேலையைத் தொடங்கினார். நான் இங்கே ஷார்ஜாவில் தாளைத் தொடங்கினேன்.

ஒரு வரிசைக்கு ஒரு நாள். இந்தியாவில் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வெறுமை. புறப்படும் நாளும் சேரும் நாளும் இந்தியாவோடு சேர்த்தி. இங்கே விமான நிலையத்தில் இப்போதெல்லாம் இயந்திரக் கதவுதான், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவதில்லை. அதனால் விமானச் சீட்டின் துண்டுகளை ஒரு பேரீச்சம்பழ டப்பாவில் போட்டு வைத்தேன். இந்தியாவுக்கு வருடம் என்பது ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, ஆகவே ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிதாக ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால் இங்குள்ள விசா செத்துப்போகும், அதற்காக மே மாதத்தில் அவரை ஒரு வாரம் வரவழைத்துத் திருப்பி அனுப்பினேன். இதையெல்லாம் செய்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. குடும்பத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது ஒருத்தியாவது தெளிவாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

உன் சித்தப்பா கடைசிவரை கிண்டலை விடவில்லை. அப்பா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருக்கும்போது கட்டிலில் இருந்து, "ஏண்ணே, அந்தாளு ஒங்கள இந்தியில திட்டுதானா, கொஞ்சுதானா? மொகத்தப் பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்பார். வீடியோவில் என்னைப் பார்த்தால், "மதினி, இன்னைக்கு எத்தனாவது நாளு?" என்று கேட்பார். நான் எண்ணைச் சொல்வேன். "அப்ப இன்னும் பாக்கி கெடக்கு" என்பார். நான் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பர் கடைசியில் அவருக்குத் தண்ணீர் இறங்குவது நின்றுபோனது. நாளா வாரமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கம்பெனியில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்து மடிக்கணினியை மூடிவிட்டார். இனி வேலை வேண்டாம், தம்பி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். இந்த லீவை நினைவில் வைத்துக்கொள். என் தாளில் அன்று நூற்று எழுபத்தொன்பது.

நான் போன் செய்தேன். "நாளன்னைக்கு நூத்தி எண்பத்தொண்ணு. அன்னைக்கே கிளம்பிடுங்க" என்றேன்.

"ரெண்டு நாளு பாத்துட்டு வாரேனே" என்றார்.

"ரெண்டு நாள்னா நூத்தி எண்பத்திமூணு. ஒரு நாள் தாண்டினாலும் வருஷம் பூரா வாங்கின சம்பளத்துக்கும் அங்க வரி கட்டணும். அவன் படிப்பு முடியல, வீட்டு லோன் இருக்கு. நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது. மெதுவாப் பேசு, ஸ்பீக்கர்ல கெடக்கு."

அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து உன் சித்தப்பாவின் குரல் வந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "போயிட்டு வாங்கண்ணே. மதினி சொல்லுறது சரிதான், கணக்கு தப்பக் கூடாதுல்லா. நான் ஏப்ரல் வரைக்கும் இழுத்துப் பிடிக்கேன். ஏப்ரல்ல புதுக் கணக்கு ஆரம்பிச்சிருமுல்லா."

அப்பா நூற்று எண்பத்தொன்றாம் நாள் விமானம் ஏறினார்.

அதற்கு மூன்றாம் நாள் மதியம் உன் சித்தப்பா போய்விட்டார். செய்தி வந்தபோது அப்பா ஷார்ஜா முவைலாவில் நம் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார், நான் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்து, "இப்பப் போகட்டுமா?" என்று கேட்டார். கூடப் பிறந்தவனின் சாவுக்குப் போவதற்கு என்னிடம் அனுமதி கேட்டார். நான் உடனே போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போனால் நூற்று எண்பத்திரண்டு, காரியம் முடியும்வரை இருந்தால் இருநூறு, அப்படியானால் எவ்வளவு போகும் என்று என் மனம் தன்பாட்டில் பெருக்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் இருக்கும். பிறகுதான் போங்க என்றேன். அதற்குள் அன்று மாலை விமானத்தில் மிச்சமிருந்த இரண்டு இடமும் போய்விட்டது. மறுநாள் விமானத்தில் கிளம்பி அதற்கும் மறுநாள் காலையில் அவர் கோவில்பட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஊரில் அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்றுவிட்டார்கள். முந்தின நாளே நீ கொள்ளி வைத்துவிட்டாய். உனக்கு இருபத்தொரு வயது.

வாசலில் நீ அப்பாவைப் பார்த்துக் கேட்டதை அங்கிருந்த உன் அத்தை எனக்குப் போனில் சொன்னாள். "ஆபீஸ்ல இப்பத்தான் லீவு குடுத்தாங்களாப்பா?" என்றாயாம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாராம்.

நான்கு வருடமாக நீ அப்பாவிடம் விமான நேரத்தையும் கடவுச்சொல்லையும் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. நிச்சயதார்த்தத்தில் போட்டோ எடுக்க வந்தவர் "சார், அப்பா பக்கத்துல வாங்க" என்று உன்னிடம் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. வேலைக்குப் பயந்து தம்பியை விட்டுவிட்டு ஓடி வந்தவர் என்று அவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கே உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். "அவனுக்கு எம்மேல கோவம் இருந்தாப் போதும். ரெண்டு பேரு மேலயும் எதுக்கு? ஒருத்தர்ட்டயாவது பேசட்டும்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

மீதியையும் கேள், உன் திட்டத்துக்கு அதுதான் தேவை. காரியத்துக்காக அப்பா தங்கியதில் எண்ணிக்கை எப்படியும் தாண்டிவிட்டது. அடுத்த ஜூலையில் நாங்கள் இரண்டு பேரும் திருநெல்வேலியில் ஒரு ஆடிட்டரிடம் போனோம். நான் தாளை அச்செடுத்து, விமானச் சீட்டுத் துண்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். அவர் வயதில் என்னைவிடச் சின்னவர். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டாந்ததில்ல" என்றார். பிறகு பேனாவை மூடி வைத்தார். "ஆனா இது வேற கேள்விக்கு உள்ள பதிலு."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நாள் கணக்கு, நீ இந்தியாவில் குடியிருப்பவனா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. நீ எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்தாயோ, அந்த வேலைக்கான சம்பளம் அந்த நாட்டில் சம்பாதித்ததாகத்தான் கொள்ளப்படும். கம்பெனி துபாயில் இருந்தாலும், பணம் துபாய் வங்கியில் விழுந்தாலும் அதேதான். கோவில்பட்டி மாடியில் பார்த்த வேலைக்கு, பத்து நாளாக இருந்தாலும், இந்தியாவில் வரி. அதிலிருந்து தப்ப இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு நீ அமீரகத்தில் குடியிருப்பவன் என்று இங்கிருந்து சான்றிதழ் வேண்டும், அந்த ஒப்பந்தப்படி ஒரு வருடத்தில் பாதி நாளுக்கு மேல் இங்கே இருந்திருக்க வேண்டும். அந்த வருடம் ஏப்ரலில் தொடங்குவதில்லை. ஜனவரியில் தொடங்குகிறது. நான் ஏப்ரலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஜனவரியிலிருந்து எண்ணினால் அப்பா ஜூலையிலேயே பாதி வருடத்தை இந்தியாவில் கழித்து அந்த வழியை இழந்திருந்தார். நான் ஒரு நாட்டின் காலண்டரை மட்டும் சுவரில் மாட்டிக்கொண்டு இரண்டு நாட்டுக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

"அப்ப நூத்தி எண்பத்திரண்ட தாண்டினதுல மிச்ச மாசத்துச் சம்பளமும் போச்சா?" என்று நான் கேட்டேன்.

"அதுவும் இல்ல மேடம். சார் இருபது வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தவரு. அவர மாதிரி ஆட்கள் ஒரு வருஷம் இங்க கூடத் தங்கிட்டாலும், அங்க போய்ப் பாத்த வேலைக்கு இங்க வரி கிடையாது. இங்க பாத்த வேலைக்கு உண்டு. தாண்டினாலும் தாண்டாட்டாலும் அதே தொகைதான்."

அப்பா மேசையில் இருந்த என் தாளைத் தன் பக்கம் திருப்பி ஒரு இடத்தில் விரலை வைத்தார். "அப்ப இந்த நாலு நாளும் நான் அங்கனயே இருந்திருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது சார். மிஞ்சிப்போனா நாலு நாளு சம்பளத்துக்கு வரி. வேற எதுவும் இல்ல."

"சரி" என்றார் அப்பா. தண்ணீர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். கேட்ட தொகையைக் கட்டினோம். திரும்பி வரும்போது பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தாங்க முடிந்திருக்கும். கயத்தாறு தாண்டியபோது, "நீ சாப்பிடலயே" என்றார்.

நாலு நாள் சம்பளத்துக்கான வரி எவ்வளவு என்று நான் போட்டுப் பார்த்தேன். போட்டுப் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது. தொகையை உனக்குச் சொல்ல மாட்டேன். அதைக் கேட்டால் நீ சிரித்துவிடுவாய்.

இப்போது உன் விஷயம். நான் சொன்ன சட்டத்தையும் நீ அப்படியே நம்பாதே. அது நான்கு வருடத்துக்கு முந்தையது, சட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உனக்கும் அப்பாவுக்கும் நிலைமை வேறு. அவருடைய இருபது வருடம் உனக்குக் கிடையாது. கையெழுத்துப் போட்டுப் பதில் தரக்கூடிய ஒருவரிடம் பணம் கொடுத்துக் கேள். நாள் கணக்கை மட்டும் கேட்காதே. எங்கே உட்கார்ந்து செய்த வேலைக்கு எங்கே வரி, எந்தச் சான்றிதழ் எந்த வருடக் கணக்கில், நீ மதுரையில் உட்கார்ந்தால் உன் கம்பெனிக்கு அங்கே ஏதாவது தொல்லை வருமா, எல்லாவற்றையும் கேள். கம்பெனியிடமும் எழுத்தில் வாங்கு. அந்த மேனேஜர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். கடிதம் போகாது.

ஆனால் இதையெல்லாம் இரண்டாவதாகச் செய். அந்த வீட்டு மாடியில் உனக்கு நூற்று எண்பத்தொரு நாள் வேண்டுமா, முந்நூறு நாள் வேண்டுமா என்பதை உன் மாமனாரின் உடம்பைப் பார்த்து, அந்தப் பெண்ணைக் கேட்டு முதலில் முடிவு செய். அதன் பிறகு அதற்கு எவ்வளவு வரி என்று கேட்டுக் கட்டு. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். வரியை முதலில் வைத்து, அதற்குள் ஒரு மனிதனின் சாவைப் பொருத்தப் பார்த்தேன். பொருந்தவில்லை. நீ அந்தப் பெண்ணிடம் "வர்ற பத்தாம் தேதிக்குள்ள நான் கிளம்பியாகணும்" என்று சொல்லும் நாள் ஒன்று வரும். அன்று அவள் உன்னைத் தடுக்க மாட்டாள். உன் சித்தப்பா மாதிரி போயிட்டு வாங்க என்றுதான் சொல்வாள்.

உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், நான்கு வருடம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். என்னிடம் பேசாமல் இருந்தாலும் சரி. அதற்காக அவரிடம் போய் மன்னிப்பு எதுவும் கேட்டு நாடகம் ஆக்காதே, அவருக்குப் பிடிக்காது. நான் எழுதியது அவருக்குத் தெரியாது. கல்யாணத்தன்று யாரும் சொல்லாமல் அவர் பக்கத்தில் போய் நின்றால் போதும்.

நீ கேட்ட தாளை இத்துடன் அனுப்புகிறேன். சூத்திரங்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அக்டோபரில் நூற்று எண்பத்தொன்றுக்கும் நூற்று எண்பத்திரண்டுக்கும் நடுவில் நான்கு வரிசை வெறுமையாக இருக்கும். ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்து அதை நிரப்பிவிடாதே. அந்த நான்கு நாளும் உன் அப்பா இங்கே, நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்த மேசைக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் அவரைக் கூப்பிடவில்லை. அவர் லீவில் இருந்தார்.

அம்மா